லிட்டரில் எழுதிய கணக்கு: பத்து வயதுக் காரின் மைலேஜ் எங்கே போனது?

இந்த ஆய்வின் பொருள் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்ட, பத்து ஆண்டுகள் ஓடிய ஒரு சிறிய கார். அதன் உரிமையாளரும் நானே, ஆய்வு செய்தவனும் நானே. வாங்கிய புதிதில் லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்துவந்த வண்டி, எந்த ஆண்டில் எவ்வளவு என்று சொல்ல முடியாதபடி மெல்ல மெல்ல இறங்கி, 13.5 கிலோமீட்டரில் வந்து நின்றது. திடீரென்று விழுந்திருந்தால் அன்றே கவனித்திருப்பேன். ஆண்டுக்கு அரைக் கிலோமீட்டருக்கும் குறைவாகக் கழன்றுகொண்டிருந்ததால், வண்டிக்கு வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இந்த இறக்கம் ஆண்டுக்கு 183 லிட்டர் பெட்ரோல். அதாவது, ஐந்து முறை டேங்கை முழுதாக நிரப்பி யாருக்கோ கொடுத்துவிடுவதற்குச் சமம்.

செலவுக்கு ஏற்ற பலன் என்பதுதான் இங்கே கேள்வி என்பதால், தொடக்கத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டேன். எந்தப் பொருள் வாங்கினாலும், எந்த வேலை செய்தாலும், அதன் விலையைப் பணமாக எழுதாமல், அந்தப் பணத்துக்கு எத்தனை லிட்டர் பெட்ரோல் கிடைக்குமோ அந்த லிட்டராக எழுதுவது என்பதே அந்த விதி. 40 லிட்டர் விலையுள்ள ஒரு பாகம் மாதம் 4 லிட்டர் மிச்சப்படுத்தினால் பத்து மாதத்தில் போட்டது திரும்பிவிடும். மாதம் அரை லிட்டர் மிச்சப்படுத்தினால் ஏழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும், அதற்குள் காரை விற்றுவிட்டிருப்போம். இந்த விதியை முன்பே வைத்திருந்தால், நான் கீழே சொல்லப்போகும் சில அசட்டுச் செலவுகள் நடந்திருக்காது.

அளவையும் மாற்றிக்கொண்டேன். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசுவதே நம் வழக்கம். ஆனால் மிச்சத்தை எடைபோட அது ஏமாற்றும் அளவு என்பதை 2008-இல் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் எடுத்துக்காட்டினார்கள். 10 கிலோமீட்டர் தரும் வண்டி 12 தரத் தொடங்கினால் 100 கிலோமீட்டருக்கு 1.67 லிட்டர் மிச்சம். 20 தரும் வண்டி 28-க்கு ஏறினாலும் மிச்சமாவது 1.43 லிட்டர்தான். காதுக்கு எட்டு பெரிதாகவும் இரண்டு சிறிதாகவும் கேட்கிறது, டேங்கில் நடப்பதோ நேர்மாறு. ஆகவே இனி வரும் எண்கள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கில் கார் புதிதில் குடித்தது 5.9, ஆய்வு தொடங்கியபோது குடித்தது 7.4.

முதலில் செய்த வீண் வேலைகள்

அளக்கத் தொடங்குவதற்கு முந்தைய ஓராண்டில் மூன்று காரியங்கள் செய்திருந்தேன். பெட்ரோல் குழாயின் மேல் மாட்டும் ஒரு காந்தத் துண்டு, டேங்கில் ஊற்றும் ஒரு புட்டி மருந்து, மூன்று டேங்குகளுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல். மூன்றின் விலையும் சேர்ந்து 38 லிட்டர் ஆயிற்று. பலன் இருந்ததா என்று கேட்டால், இருந்ததுபோல் தோன்றியது என்பதுதான் உண்மையான பதில், ஏனென்றால் எதையும் நான் அளக்கவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட எரிபொருள் மிச்சக் கருவிகளை நூற்றுக்கு மேல் சோதித்து, பெரும்பாலானவற்றில் பயன் எதுவும் இல்லை என்றே கண்டது. ஆக்டேன் எண் என்பது பெட்ரோல் தானாக வெடித்து எஞ்சினைத் தட்டாமல் தாங்கும் திறனைக் குறிப்பது. அதில் கூடுதல் சக்தி இருப்பதைக் குறிப்பதல்ல. சாதாரண பெட்ரோலுக்கென்று வடிவமைத்த எஞ்சினுக்கு அந்தத் தாங்குதிறனால் ஆகவேண்டிய வேலை எதுவும் இல்லை.

ஏர் ஃபில்டர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதை மாற்றினால் மைலேஜ் ஏறும் என்று சொல்லாத மெக்கானிக் இல்லை. கார்புரேட்டர் வண்டிகளின் காலத்தில் அது உண்மையும்கூட. இன்றைய எஞ்சினிலோ உள்ளே போகும் காற்றைச் சென்சார் அளந்து, அதற்கேற்பத்தான் பெட்ரோல் பீய்ச்சப்படுகிறது. ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும், பெட்ரோலும் கூடவே குறையும், வண்டி சோம்பும், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட சோதனை முடிவும் இதையே சொல்கிறது. எஞ்சினின் ஆயுளுக்காக ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுவது நல்லது. மைலேஜுக்காக மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும், எனக்கு மிஞ்சியது.

அளவு

எதையும் தொடாமல் ஐந்து டேங்குகள் ஓட்டினேன். அதே பங்க், அதே பம்ப், நாசில் முதல் முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுவது, அதற்குமேல் ஒரு சொட்டும் ஊற்றச் சொல்வதில்லை என்ற ஒழுங்கு. முழு டேங்க் முதல் முழு டேங்க் வரை அளக்கும் இந்த முறையில் ஒரு டேங்கின் கணக்கை மட்டும் நம்பக்கூடாது. நாசில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அரை லிட்டர் வரை முன்பின்னாகலாம், 28 லிட்டர் நிரப்பும்போது அதுவே 2 விழுக்காட்டுப் பிழை. ஆனால் ஐந்து டேங்குகளின் மொத்தத் தூரத்தை மொத்த லிட்டருடன் வைத்துப் பார்க்கும்போது இடையில் நடந்த பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு முறை குறைவாக ஏறியது அடுத்த முறை கூடுதலாக ஏறிவிடும் என்பதால், முதல் நிரப்பலின் பிழையும் கடைசி நிரப்பலின் பிழையும் மட்டுமே எஞ்சும். 140 லிட்டரில் அரை லிட்டர் என்றால் பொருட்படுத்தத் தேவையில்லை. தனித்தனி டேங்கின் எண்கள் 7.1-க்கும் 7.6-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தபோதும் மொத்தம் 7.4 என்று உறுதியாக நின்றது. ஒரே ஒரு டேங்கை வைத்துக்கொண்டு இந்த ஆயிலால் மைலேஜ் ஏறியது, அந்த பங்க்கால் இறங்கியது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அளப்பது நாசிலைத்தான்.

நீல விளக்கு சொல்லாதது

என் காரின் டாஷ்போர்டில் எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஒரு நீல விளக்கு எரியும், கொஞ்சம் சூடேறியதும் அணைந்துவிடும், அளவுக்கு மீறிச் சூடேறினால் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்ததே இல்லை. நீலம் தினமும் தவறாமல் அணைந்தது. ஆகவே வெப்பத்தில் ஒரு குறையும் இல்லை என்று நம்பியிருந்தேன்.

இன்றைய கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கணினியின் அளவுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1996 முதல் விற்ற கார்களுக்கும், ஐரோப்பாவில் 2001 முதல் விற்ற பெட்ரோல் கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் எங்கும் பரவியது இது. அதில் செருகும் சிறிய ப்ளூடூத் அடாப்டர் ஒன்றை வாங்கினேன். விலை 12 லிட்டர். ஃபோனில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலையைத் திறந்து வைத்துவிட்டுப் புறவழிச் சாலையில் 25 நிமிடம் ஓட்டினேன். 90 டிகிரிக்கு அருகே நிற்க வேண்டிய எண் 68-இல் நின்றது. சிக்னலில் நின்றால் மெல்ல ஏறி 85-ஐத் தொட்டது, வண்டி வேகமெடுத்ததும் மறுபடி 70-க்குக் கீழே இறங்கியது. நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கும் இந்தப் போக்கு ஒன்றைத்தான் காட்டும். எஞ்சின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கிறது. ஓடும்போது அடிக்கும் காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்க, எஞ்சின் சூடேற வேண்டிய நேரத்திலும் அந்தக் குளிர்ந்த கூலண்ட் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதைச் சொன்னதும் எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக் சிரித்தார். “சூடாகாம இருந்தா நல்லதுதானே சார்” என்றார். இந்த எண்ணம் பரவலானது. எஞ்சின் சூடேறும் தொல்லைக்கு மருந்தாகத் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடுபவர்களும் உண்டு. ஆனால் எஞ்சினை நிர்வகிக்கும் கணினிக்கு 68 டிகிரி என்பது இன்னும் சூடேறாத எஞ்சின். அது கலவையில் பெட்ரோலைக் கூட்டியே வைக்கும், ஐட்லிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுழலும் வேகத்தை, சற்று உயர்த்தி வைக்கும். பல கார்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் பெட்ரோலை நிறுத்தும் ஏற்பாடும் எஞ்சின் போதிய சூடு பெறும்வரை வேலை செய்யாது. எஞ்சின் ஆயிலும் முழுச் சூட்டில் இருக்க வேண்டியதைவிடக் கெட்டியாக இருப்பதால் உள் உராய்வு கூடுகிறது. ஒவ்வொரு நாளும் காலையில் எடுத்த வண்டியின் முதல் மூன்று கிலோமீட்டர் எப்படியோ, அப்படியே நாள் முழுதும் ஓடிக்கொண்டிருந்தது என் கார்.

கழற்றி எடுத்த தெர்மோஸ்டாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளங்கையில் அடங்கும் உலோக வட்டு, நடுவில் மெழுகு அடைத்த ஒரு சிறு குப்பி. சூட்டில் மெழுகு விரியும்போது வால்வைத் தள்ளித் திறக்கும், குளிர்ந்தால் சுருள்வில் அதை இழுத்து மூடிவிடும். விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. அறைச் சூட்டில் இறுக மூடியிருக்க வேண்டிய வால்வுக்கும் வளையத்துக்கும் இடையே என் கட்டைவிரல் நகம் தாராளமாக நுழைந்தது. வளையத்தின் ஓரத்தில் வெண்மையாகச் சுண்ணாம்புபோல் ஒரு படிவு, கூலண்ட் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பியதன் பலன். புதியதையும் பழையதையும் ஒரே பாத்திரத்தில் தண்ணீரில் போட்டு, வெப்பமானி வைத்து அடுப்பேற்றிப் பார்த்தேன். புதியது 82 தாண்டியதும் அசைந்து திறந்தது, அடுப்பை அணைத்துத் தண்ணீர் ஆறியபோது ஒழுங்காக மூடிக்கொண்டது. பழையது சூட்டில் இன்னும் கொஞ்சம் திறந்ததே தவிர, ஆறிய பிறகும் மூடவில்லை.

புதிய தெர்மோஸ்டாட், புதிய கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 30 லிட்டர். அடுத்த ஐந்து டேங்குகளின் கணக்கு 6.9. ஒரே பாகத்தில் அரை லிட்டர் திரும்பி வந்தது. இதே குறை வரும்போது பல கார்களில் எஞ்சின் விளக்கு எரிந்து பி 0128 என்ற பிழைக் குறியீடு பதிவாகும். என் காரில் எரியவில்லை. விளக்கு எரியவில்லை என்பதை ஆரோக்கியத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இதற்குப் பிறகுதான் உணர்ந்தேன். இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் பழுதாகும்போது மைலேஜ் இதைவிடப் பலமடங்கு மோசமாக விழக்கூடும். அதே அடாப்டரில் அதன் அளவையும், கணினி பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ளும் விழுக்காட்டையும் பார்த்தேன். இரண்டும் ஒழுங்காக இருந்ததால் அந்தப் பக்கம் செலவு எதுவும் செய்யவில்லை.

ஒரு சக்கரம் மட்டும் சூடாக இருந்தது

12 கிலோமீட்டர் ஓட்டம் முடிந்து, கடைசிக் கிலோமீட்டரில் பிரேக்கை முடிந்தவரை தொடாமல் வந்து நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பது செலவே இல்லாத ஒரு சோதனை. தொட வேண்டாம், சிக்கிய பிரேக் என்றால் கை சுட்டுவிடும். மூன்று சக்கரங்கள் வெதுவெதுப்பாக இருந்தன. பின்பக்கம் இடது சக்கரத்தில் அனல் அடித்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துக் கையால் சுழற்றியபோது வலது சக்கரம் நாலைந்து சுற்று சுற்றி ஓய்ந்தது. இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது, உள்ளே பிரேக் ஷூ டிரம்மை உரசும் சத்தமும் கேட்டது. காரணம் ஹேண்ட்பிரேக் கேபிள். உறைக்குள் துருவேறி, இழுத்தால் வந்தது, விட்டால் முழுதாகத் திரும்பிப் போகவில்லை.

இந்த உரசல் எவ்வளவு தின்றிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாலையில் அந்தச் சக்கரம் 20 நியூட்டன் விசையோடு மட்டுமே பின்னிழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இரண்டு கிலோ எடையைக் கையில் தூக்கிப் பிடிக்கும் அளவுதான். 100 கிலோமீட்டருக்கு அது விழுங்கும் ஆற்றல் 2 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் உண்டு, ஆனால் அதில் சக்கரம் வரை வந்து சேர்வது நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான், மற்றதெல்லாம் வெப்பமாகப் புகைக்குழாய் வழியும் ரேடியேட்டர் வழியும் போய்விடும். ஆகவே அந்த இரண்டு கிலோ இழுவைக்காக டேங்கிலிருந்து 100 கிலோமீட்டருக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல் செலவாகிறது. ஓட்டுபவருக்கோ வண்டியில் எந்த வித்தியாசமும் தெரியாது.

கேபிள் மாற்றியதற்கு 20 லிட்டர். அன்றே 5 லிட்டர் விலையில் டயர் அழுத்தமானி ஒன்றும் வாங்கினேன். காற்று பிடிக்கும் இடத்திலுள்ள மீட்டரை நம்பி வந்தவனுக்கு அடுத்த அதிர்ச்சி அதில் கிடைத்தது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டியுள்ள தாளில் 33 பிஎஸ்ஐ என்றிருந்தது. குளிர்ந்த டயரில் நான் அளந்தபோது நான்கிலும் 25-க்கும் 27-க்கும் இடையே இருந்தது. ஓடிச் சூடான டயரில் காற்று பிடிக்கும்போது மீட்டர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்து 30 வந்ததும் போதும் என்று நிறுத்தினால், மறுநாள் காலையில் அது 26. தாளில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் எண்ணோ டயர் தாங்கும் உச்ச அழுத்தம், காற்று பிடிக்க வேண்டிய அளவு அதுவல்ல. நான்கு டயர்களிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் ஏறக்குறைய 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கு. என் காரில் 7 பிஎஸ்ஐ குறைவு, அதனால் ஏற்பட்ட இழப்பு 1.4 விழுக்காடு, 0.1 லிட்டர்.

கேபிளையும் காற்றையும் ஒரே நாளில் சரிசெய்தது ஆய்வாளன் என்ற முறையில் நான் செய்த தவறு. அடுத்த ஐந்து டேங்குகளில் கணக்கு 6.5-க்கு வந்தது, இறங்கிய 0.4-இல் எது எதன் பங்கு என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்து ஊகிக்கத்தான் முடிகிறது, பிரித்து அளக்க முடியவில்லை. டிக்கியிலிருந்து இறக்கிய 25 கிலோ சாமான்களும் இதே கணக்கில் கலந்துவிட்டன. அவற்றின் பங்கு சிறியதாகவே இருக்கும்.

கால் செய்யும் வேலை

இதுவரை செய்தவை எல்லாம் பழுது நீக்கம். இனி வருவதற்குச் செலவே கிடையாது, ஆனால் செய்து முடித்துவிட்டு மறக்கவும் முடியாது, ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டும். அதனால்தானோ என்னவோ, இதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

ஆளோடு சேர்ந்து 1,100 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் 153 கிலோஜூல். எஞ்சினின் விரயத்தையும் சேர்த்தால், அந்த வேகத்தை எட்டுவதற்காக டேங்கிலிருந்து சுமார் 19 மில்லி பெட்ரோல் போயிருக்கும். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போய், கடைசி நொடியில் பிரேக் பிடித்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த 19 மில்லியும் பிரேக்கில் சூடாகி வீணாகிறது. ஐம்பது முறை அப்படிச் செய்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர். என் அன்றாட வழியில் போகவர 18 சிக்னல்கள். எல்லாவற்றிலும் நிற்பதில்லை, நின்றவற்றிலும் பாதியை முன்கூட்டியே கால் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்பதை ஒரு வாரம் எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

கால் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று பழைய வண்டிகளில் பழகியவர்கள் சொல்வார்கள். ஃபோனில் பெட்ரோல் ஓட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதே இறக்கத்தில் இரண்டு விதமாகவும் இறங்கிப் பார்த்தேன். நியூட்ரலில் மணிக்கு 0.7 லிட்டர் என்று காட்டியது, எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளத் தேவையான ஐட்லிங் அளவு. கியரிலேயே வைத்துக் கால் எடுத்தபோது காட்டியது பூஜ்யம். சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால், சுற்று ஐட்லிங்குக்கு அருகே இறங்கும்வரை பெட்ரோலைக் கணினி முழுதாக நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இறங்குவது பிரேக்கின் சுமையைக் கூட்டும் ஆபத்தும்கூட. ஆபத்துக்குப் பெட்ரோலையும் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேகத்தில் காற்றின் கணக்கு வேறு மாதிரி. என் கார் போன்ற வடிவத்துக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் காற்றின் எதிர்ப்பும் டயரின் உருளல் எதிர்ப்பும் ஏறக்குறையச் சமம், இரண்டும் தலா 115 முதல் 120 நியூட்டன் வரை. 110-இல் டயருடையது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், காற்றினுடையது 388 ஆகிவிடும், வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால். 110-லிருந்து 90-க்கு இறங்கினால் மொத்த எதிர்ப்பு கால்வாசி குறைகிறது. எஞ்சினின் உள் உராய்வு கூடவே இருப்பதால் பெட்ரோலும் அதே கால்வாசி குறைந்துவிடாது, ஆனால் குறைவது கண்ணுக்குத் தெரியும். 40 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் இதற்காக நான் கொடுத்தது ஐந்து நிமிடம். கூரையில் சாமான் பெட்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை இன்னும் கவலையோடு பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் அது மட்டுமே 6 முதல் 17 விழுக்காடு வரை தின்னும் என்று அதே எரிசக்தித் துறை சொல்கிறது. பயணம் முடிந்ததும் கழற்றிவைக்க அரைமணி நேரம் போதும்.

கியரை மேலே ஏற்றுவதில் நான் தேவையில்லாமல் தாமதித்துவந்தேன். இப்போது 50 கிலோமீட்டரில் சமதளத்தில் நான்காவது, எஞ்சின் அதிராமல் இருந்தால் ஐந்தாவது. குறைந்த சுற்றில், ஆக்சிலரேட்டரைச் சற்று ஆழமாக மிதித்து ஓட்டும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சச் சிரமப்படுவது குறைகிறது. அதிர்வு தெரிந்தால் மட்டும் உடனே ஒரு கியர் இறங்கிவிட வேண்டும். ஏசியைப் பற்றிய நீண்ட விவாதத்துக்குள் நான் போகவில்லை. வெயிலில் நின்ற வண்டியின் சூட்டுக் காற்றைக் கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுகிறேன், அவ்வளவுதான்.

இரண்டு மாதப் பழக்கத்துக்குப் பிறகு எடுத்த ஐந்து டேங்குகளின் கணக்கு 6.0.

மொத்தத்தில் 100 கிலோமீட்டருக்கு 1.4 லிட்டர், ஆண்டுக்கு 168 லிட்டர் மிச்சம். அடாப்டர், தெர்மோஸ்டாட், கேபிள், அழுத்தமானி ஆகியவற்றின் விலை 67 லிட்டர். ஓட்டும் விதத்தால் வந்த 0.5-ஐத் தள்ளிவிட்டு, பழுது நீக்கியதன் பலனை மட்டும் எடுத்தாலும் மாதம் 9 லிட்டர், ஏழரை மாதத்தில் போட்டது கைக்கு வந்துவிடும். காந்தத்துக்கும் புட்டி மருந்துக்கும் உயர் ஆக்டேனுக்கும் கொடுத்த 38 லிட்டரை இதில் சேர்க்கவில்லை. அது அளக்காமல் செலவழித்ததற்கு நான் கட்டிய அபராதம்.

டயர் சொன்ன பொய்

ஆய்வு முடியும் தறுவாயில் டயர்கள் தேய்ந்து மாற்ற வேண்டியதாயிற்று. எப்படியும் வாங்க வேண்டியவை என்பதால் உருளல் எதிர்ப்பு குறைந்த ரகமாகப் பார்த்து வாங்கினேன், சாதாரண டயருக்கும் அதற்கும் விலை வித்தியாசம் 15 லிட்டர். உருளல் எதிர்ப்பு 10 விழுக்காடு குறைந்தால் பெட்ரோல் 1 முதல் 2 விழுக்காடு மிச்சமாகும் என்று அமெரிக்கப் போக்குவரத்து ஆய்வுக் குழுவின் 2006 அறிக்கை சொல்கிறது. நல்ல ஓட்டத்தில் இருந்த டயர்களை இதற்காக மட்டும் கழற்றி எறிவது எந்தக் கணக்கிலும் கட்டாது, மாற்றும் வேளை வந்தபோது தேர்ந்து வாங்குவது கட்டும். ஆனால் புதிய டயரில் ஓடிய முதல் ஐந்து டேங்குகளின் கணக்கு 6.1. ஏறியிருந்தது.

புதிய டயரின் பட்டை ஆழம் 8 மில்லிமீட்டர், கழற்றியதில் இருந்தது 2. அந்த 6 மில்லிமீட்டர், 291 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் 2 விழுக்காடு. தேய்ந்த சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குக் கூடுதலாகச் சுழல்வதால் ஓடோமீட்டர் 2 விழுக்காடு தூரத்தைக் கூட்டியே எழுதிக்கொண்டிருந்தது. நான் பெருமையாகக் குறித்து வைத்த 6.0, உண்மையில் 6.1-தான். புதிய டயர் எதையும் கெடுக்கவில்லை. அதேசமயம், பட்டை தடித்த புதிய டயர் தேய்ந்ததைவிட அதிகமாக நெளிந்து உருள்வதால், நல்ல ரகம் தந்திருக்க வேண்டிய மிச்சமும் இன்னும் கணக்கில் தெரியவில்லை. 7.4-உம் இதே பொய்யோடு எழுதப்பட்டதுதான் என்பதால், லிட்டரில் எழுதிய 168 மட்டும் அசையாமல் நிற்கிறது. பம்ப்பில் அளந்த லிட்டருக்கு டயரைத் தெரியாது.

புதிதில் இருந்த 5.9-க்கும் இப்போதைய 6.1-க்கும் இடையே இன்னும் 0.2 பாக்கி. பெட்ரோலில் 10 விழுக்காடு எத்தனால் கலந்தால் லிட்டரிலுள்ள ஆற்றல் ஏறக்குறைய 3.4 விழுக்காடு குறையும். அன்று நான் போட்டது கலக்காத பெட்ரோல், ஆய்வின்போது போட்டது அப்படிக் கலந்தது. அதை மட்டும் வைத்தே அந்த 0.2-ஐ விளக்கிவிடலாம். ஆனால் அன்று நான் இவ்வளவு கவனமாக ஓட்டியதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எஞ்சினுக்குள் ஏதோ தேய்மானம் ஒளிந்திருக்கத்தான் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க, சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக ஏறுகிறதா என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை போதும், சில லிட்டர் விலைதான். ஆனால் அந்தச் சோதனை சொல்லக்கூடிய நோய்க்கு மருந்து எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங் மாற்றுவது. அதன் விலையை லிட்டரில் எழுதிப் பார்த்தேன், இரண்டு ஆண்டுகளுக்கு நான் போடும் மொத்தப் பெட்ரோலைத் தாண்டியது. சோதனையை எடுக்கவில்லை.